சூளைப் பள்ளிக்கும் ஓர் ஆலோசகர் வேண்டும்

திருவள்ளூர் மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

கும்மிடிப்பூண்டி, மீஞ்சூர், எல்லாபுரம் ஒன்றியங்களில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் சின்னச் சின்ன அமைப்புகளுக்குக் கணக்கு எழுதித் தருவதும், நிறுவனங்களிடம் நிதி கேட்டுத் திட்ட அறிக்கை தயாரித்துத் தருவதும் என் வேலை. பெரும்பாலும் சும்மாதான் செய்கிறேன். கொடுக்க அவர்களிடம் எதுவும் இருப்பதில்லை. அந்த அனுபவத்தில் ஒரே ஒரு கோரிக்கையோடு உங்களிடம் வருகிறேன்.

நம் மாவட்டத்தில் தொழிலுக்குப் பஞ்சமில்லை. கும்மிடிப்பூண்டி சிப்காட், தேர்வாய்கண்டிகை சிப்காட், காட்டுப்பள்ளி, காமராசர் துறைமுகம், அத்திப்பட்டு அனல்மின் நிலையம் என்று வரிசையாக இருக்கின்றன. 2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆவது பிரிவுப்படி, ஆண்டுக்கு 5 கோடி ரூபாய் நிகர லாபம் காட்டும் நிறுவனம் முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். தான் இயங்கும் பகுதிக்கு முன்னுரிமை தரவேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. இங்குள்ள இரும்பு உருட்டாலைகளில் பல இந்தக் கணக்குக்குள் வராத சிறிய ஆலைகள். வருகிறவர்களின் பணத்தில் ஒரு பங்கு பள்ளிகளுக்கும் வருகிறது. வந்து என்ன ஆகிறது? பெயின்ட், பெஞ்சு, ஸ்மார்ட் போர்டு, கழிப்பறை. கழிப்பறையைக் குறை சொல்ல மாட்டேன். பெண் பிள்ளைகளைப் பெற்ற யாரும் சொல்ல மாட்டார்கள். 2022 டிசம்பரில் அரசு தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ இந்தக் கொடைக்கு ஒரு வாசலும் திறந்துவிட்டது. ஆனால் சுவருக்குப் பணம் தருவதில் உள்ள சுளுவு, சொல்லிக்கொடுக்கும் ஆளுக்குத் தருவதில் இல்லை. சுவரில் நிறுவனத்தின் பெயர்ப் பலகையை மாட்டலாம், ஆளின் மேல் மாட்ட முடியாதே!

ஆள் தேவைப்படும் ஓர் இடத்தைச் சொல்கிறேன். செங்குன்றம், பெரியபாளையம் பக்கத்துச் செங்கல் சூளைகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மழை ஓய்ந்ததும் ஒடிசாவின் பலாங்கீர், நுவாபாடா மாவட்டங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்து இறங்குவார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு ஒடியா பாடப்புத்தகங்களையே வரவழைத்துச் சூளையிலேயே வகுப்பு நடத்திக் காட்டிய மாவட்டம் இது. அனைவருக்கும் கல்வி இயக்கமும், எய்ட் எ ஆக்‌ஷன் போன்ற தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து செய்த வேலை அது. இன்றும் அங்கங்கே சிறு அமைப்புகள் அதன் மிச்சத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கின்றன.

அப்படி ஓர் அமைப்புக்காக, நிதி தரும் நிறுவனத்துக்கு நான் நிரப்பிய படிவத்தில் மூன்று கட்டங்கள் இருந்தன: தொடக்கத்தில் இருந்தவர், முடிவில் இருந்தவர், இடைநின்றவர். மே, ஜூனில் சூளை வேலை முடிந்து குடும்பங்கள் ரயில் ஏறிவிடும். பிள்ளைகளும் கூடவே போய்விடுவார்கள். படிவத்தின் கணக்கில் அத்தனை பேரும் இடைநின்றவர்கள். அடுத்த ஆண்டு நிதி கேட்கும்போது அந்த எண்தான் முதலில் நிற்கும். வகுப்பெடுக்கும் அம்மாவைக் கேட்டால், எந்தப் பிள்ளை கூட்டெழுத்து வரை வந்தது, எது இன்னும் கழித்தலில் தடுமாறுகிறது என்று பெயர் சொல்லிச் சொல்வார். அதை எழுத அந்தப் படிவத்தில் இடமே இல்லை. ‘ஊர் திரும்பியவர்’ என்று நான்காவதாக ஒரு கட்டம் போட்டு, பிள்ளை எதுவரை படித்தது என்று ஒரு சீட்டு எழுதிப் பலாங்கீர் பள்ளி வாத்தியாருக்குக் கொடுத்தனுப்பினால் காரியம் முடிந்தது. இதைச் சொல்லிக்கொடுக்க ஒருவர் வேண்டும். நான் கேட்கும் ஆலோசனை இவ்வளவுதான்.

இன்னொரு தடை, விதிகள். 2021 ஏப்ரல் முதல் நிறுவனங்களின் இந்த நிதியைச் செலவிட்டுத் தரும் அமைப்பு சிஎஸ்ஆர்-1 பதிவு செய்திருக்க வேண்டும். வருமான வரித் துறையின் 12ஏ, 80ஜி சான்றுகள் வேண்டும். அதே துறையில் மூன்றாண்டுப் பணி அனுபவமும் காட்ட வேண்டும். மோசடிகளைத் தடுக்க இவை வேண்டியவைதான். ஆனால் மாலை வகுப்பு நடத்தும் நாலு பட்டதாரிகளுக்கு ஆடிட்டர் வீட்டுப் படியேறவே கூச்சமாக இருக்கிறது. அதைவிட மோசம், தப்பாகப் புரிந்துகொள்ளப்பட்ட அந்த 5 சதவீதம். நிர்வாகச் செலவு 5 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்ற விதி நிறுவனத்தின் சொந்த நிர்வாகத்துக்கானது. திட்டத்தை வடிவமைக்கவும் நடத்தவும் கண்காணிக்கவும் மதிப்பிடவும் நேரடியாக ஆகும் செலவு அதில் சேராது என்று அதே விதி தெளிவாகச் சொல்கிறது. ஆனாலும் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள், வகுப்பெடுப்பவரின் சம்பளத்தை ‘அட்மின்’ என்று சொல்லி அடித்துவிடுகிறார்கள். எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு விதி தெரியாது; தெரிந்தாலும் வாதாடத் துணிவு வராது.

பள்ளிக் கல்விக்கு ஆலோசகர்களே இல்லை என்று நான் சொல்லவில்லை. 2017-இல் நிதி ஆயோக் தொடங்கிய சாத்-ஈ திட்டத்தில் ஜார்கண்ட், ஒடிசா, மத்தியப் பிரதேசம் ஆகிய மாநிலங்களுக்கு பாஸ்டன் கன்சல்டிங் குரூப்பும் பிரமல் பவுண்டேஷனும் ஆலோசனை சொல்ல வந்தன. சிறிய பள்ளிகளை ஆயிரக்கணக்கில் பக்கத்துப் பள்ளிகளோடு இணைத்ததுதான் அதில் பலரும் நினைவு வைத்திருப்பது. மேலே உட்கார்ந்து பார்த்தால் பத்துப் பிள்ளைகள் படிக்கும் பள்ளி வீண் செலவாகத்தான் தெரியும். கும்மிடிப்பூண்டி ஒன்றியத்தில் இருளர் குடியிருப்புக்குப் பக்கத்திலிருக்கும் பள்ளியை மூடினால், அடுத்த பள்ளிக்குப் பிள்ளை நெடுஞ்சாலையைக் கடந்து போகுமா, வீட்டோடு நின்றுவிடுமா என்பது அங்கே நின்று பார்ப்பவருக்குத்தான் தெரியும்.

இதற்கு நேர் எதிரான ஒன்றும் நம் பக்கத்திலேயே நடந்தது. 2003-இல் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார், ஆசிரியர்களை ஆந்திரத்தின் ரிஷிவேலிப் பள்ளிக்கு அனுப்பினார். போய்ப் பார்த்து வந்தவர்களே கற்றல் அட்டைகள் தயாரித்தார்கள். 13 மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல் பிறகு மாநிலம் முழுக்கப் போனது. அதன் குறைகளைப் பற்றி ஆசிரியர்கள் இன்றும் பேசுவார்கள், பேசட்டும். ஆலோசனை கேட்டவர்களே வேலையையும் செய்தார்கள் என்பதுதான் எனக்கு முக்கியம். தொடக்க வகுப்புகளுக்கான ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தை 2022 ஜூனில் முதல்வர் தொடங்கிவைத்ததும் நம் மாவட்டத்து அழிஞ்சிவாக்கம் பள்ளியில்தான். அடுத்த ஆண்டே பி.எட். மாணவர்களை அனுப்பி வகுப்புகளை மதிப்பிட முற்பட்டபோது ஆசிரியர் சங்கங்கள் கொதித்தன. கொதித்ததில் தவறென்ன? அளக்க வந்தவர்களில் யாரும் உதவ வரவில்லையே.

என் கோரிக்கை இதுதான். மாவட்டத்தில் கல்விக்காக உழைக்கும் சிறு அமைப்புகளுக்கென்று ஒரு பொது உதவி மையம் வேண்டும். திரூரில் ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. அதில் ஓர் அறை போதும். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், கணக்குத் தெரிந்தவர் ஒருவர், ஒடியாவும் தெலுங்கும் பேசத் தெரிந்த ஓர் இளைஞர். எளாவூர், ஆரம்பாக்கம் பக்கம் தெலுங்கு இல்லாமல் பெற்றோரிடம் பேசவே முடியாது. இவர்களின் சம்பளத்தைச் சிப்காட் நிறுவனங்கள் சேர்ந்து ஏற்கட்டும். மூன்று ஆண்டுக்கு ஒரேயடியாக ஒப்புக்கொள்ளட்டும். எல்லா நிறுவனங்களுக்கும் ஒரே படிவம் இருக்கட்டும். பள்ளிக் கல்வித் துறையின் தகவல் தளமான எமிஸில் ஏற்கெனவே ஏற்றிய தகவலைத் தலைமையாசிரியரிடம் மறுபடியும் கேட்கக் கூடாது. எந்தத் திட்டமும் பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மானம் இல்லாமல் பள்ளிக்குள் நுழையக் கூடாது. பள்ளியைக் கண்காணிக்கவும் அதன் வளர்ச்சித் திட்டத்தை வகுக்கவும் அந்தக் குழுவிலுள்ள பெற்றோருக்குக் கல்வி உரிமைச் சட்டம் 2009-இலேயே உரிமை கொடுத்துவிட்டது, நாம்தான் கையெழுத்து வாங்க மட்டும் அவர்களைக் கூப்பிடுகிறோம்.

இதற்குப் புதிய அரசாணை எதுவும் தேவையிருக்காது என்று நினைக்கிறேன். எந்தப் பள்ளிக்கு என்ன தரலாம் என்று நிறுவனங்கள் உங்கள் அலுவலகத்துக்குத்தான் வருகின்றன. பள்ளிகளின் பட்டியலோடு இந்த அமைப்புகளின் பட்டியலையும் சேர்த்துக் கொடுங்கள், மீதியை நீங்கள் கூட்டும் ஒரு கூட்டம் பார்த்துக்கொள்ளும். சூளைக்கு ஆட்கள் வந்து இறங்கும் முன்பே, ஐப்பசிக்குள் கூட்டுங்கள். சூளை முதலாளிகளையும் வட்டாரக் கல்வி அலுவலர்களையும் தவறாமல் அழையுங்கள். தயவுசெய்து கூட்டத்தை ஆட்சியர் அலுவலகத்தில் வைக்க வேண்டாம். கும்மிடிப்பூண்டியிலோ பெரியபாளையத்திலோ வையுங்கள். கும்மிடிப்பூண்டியிலிருந்து திருவள்ளூருக்கு ரயிலில் வர வேண்டுமென்றால் சென்னைக்குப் போய்த்தான் திரும்ப வேண்டும். மாலை வகுப்பு நடத்துகிறவர்கள் நாலு மணிக்குள் ஊர் போய்ச் சேர வேண்டியவர்கள்.

தங்கள் உண்மையுள்ள,
சிறு அமைப்புகளின் கணக்கு எழுதுபவன்