ஒளியால் விழிக்கும் மருந்து

கார்த்திகை தீபத்தன்று மலையுச்சிச் சுடரைக் காணப் பல லட்சம் பேர் திரளும் ஊர் திருவண்ணாமலை. ஒளி இங்கே வழிபடுபொருள். அது கண்ணுக்குள் மருந்தாகும் விதத்தையும், அம்மருந்து கிட்டாமற்போகும் அவலத்தையும் எழுதத் தோன்றிற்று.

விழித்திரைக்குப் பின்னே கோராய்டு என்னும் இரத்தக்குழாய்ப் படலம் உண்டு. சிலருக்கு அதில் புதுக்குழாய்கள் கிளைத்து, முனைகளில் சிறு முண்டுகளாகப் புடைக்கின்றன. அவை கசிந்தால் அச்சுவரிகள் வளையும். எதிரே நிற்பவரின் முகம் நடுவில் கலங்கும். பாலிபாய்டல் கோராய்டல் வாஸ்குலோபதி என்பது மருத்துவர் இட்ட பெயர். ஐரோப்பியரைவிட ஆசியரிடம் இது மிகுதி.

இதற்கான ஒளிச்சிகிச்சை வியப்புக்குரியது. வெர்டிபோர்ஃபின் என்னும் பச்சைநிற மருந்தைக் கை நரம்பில் 10 நிமிடம் ஏற்றுவர். ஏற்றத் தொடங்கிய 15ஆம் நிமிடத்தில், 689 நானோமீட்டர் அலைநீளமுள்ள செவ்வொளியை 83 விநாடி நோயுற்ற இடத்தில் மட்டும் பாய்ச்சுவர். உறங்கிக்கிடந்த மருந்து அங்கே விழித்து, பழுதுற்ற குழாய்களை அடைக்கிறது. இது சுட்டுப்பொசுக்கும் ஒளியன்று. ஆயினும் மருந்து உடலெங்கும் பரவியிருப்பதால், சில நாள் வெயில் படாதிருக்க வேண்டும்.

அமெரிக்கா 2000இல் இதற்கு ஒப்புதல் அளித்தது. 2006இல் ராணிபிசுமாப் ஊசி வந்ததும் மேலைநாடுகளில் இதன் தேவை சுருங்கியது. ஆனால் ஆசிய நாடுகளில் நடந்த எவரெஸ்ட் II ஆய்வு 2017இல் வேறொன்றைச் சொன்னது. ஊசி மட்டும் பெற்றவர்களில் 34.7 விழுக்காட்டினருக்கே ஓராண்டில் முண்டுகள் முற்றிலும் மறைந்தன. ஒளிச்சிகிச்சையும் சேர்ந்தபோது 69.3. பின்வந்த அஃப்ளிபெர்செப்ட் ஊசி தனித்தே பலருக்குப் போதுமாகிறது என்பதும் உண்மை. பலர் என்பது எல்லோரும் ஆகாது.

இந்நிலையில்தான் 2021 முதல் உலகெங்கும் வெர்டிபோர்ஃபினுக்குத் தட்டுப்பாடு நேர்ந்தது. செய்யுமிடங்கள் மிகச் சிலவே என்பதால், உற்பத்தி தடுமாறினால் நோயாளிகள் காத்திருக்கிறார்கள். கசிவோ காத்திருப்பதில்லை.

மேலைநாட்டுக் கண்ணுக்குத் தேவை குறைந்த மருந்தாயினும், நம் கண்ணுக்கு அது இன்னும் வேண்டியிருக்கிறது. உலகுக்கே மருந்து செய்து விற்கும் நாடு நம்முடையது. சந்தை முன்வரத் தயங்கும் மருந்தை அரசு முன்னின்று செய்விக்க வேண்டும். கேட்காத மக்களுக்கு எதுவும் கிட்டாது; கேட்க வேண்டுமெனில் நோயின் பெயராவது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

வாசிப்பையே வாழ்வாகக் கொண்ட நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு கண்ணை மூடி மறுகண்ணால் கட்டம்போட்ட தாளைப் பாருங்கள். பின் கண்ணை மாற்றிப் பாருங்கள். கோடு வளைந்து தெரிந்தால் அதை வயதின் மேல் போட்டுவிட்டு இருந்துவிடாதீர்கள். அன்றே விழித்திரை மருத்துவரை நாடுங்கள்.