வளாகத்தில் விழும் வேப்பங்கொட்டை யாருக்கு?

கல்லூரி வளாகத்துக்குள் நுழைகிறவர்கள் கட்டடத்தைப் பார்ப்பார்கள், கோயிலைப் பார்ப்பார்கள். உழவர் கண்ணுக்கு அங்கே மரம்தான் முதலில் படணும். சென்னை நுங்கம்பாக்கத்தில் 1925-ல் இயேசு சபைத் துறவிகள் தொடங்கிய இலயோலாக் கல்லூரியையே எடுத்துக்கொள்ளுங்கள். நெரிசலான நகரத்துக்கு நடுவில் ஏறத்தாழ 100 ஏக்கர் வளாகம். இப்படிப்பட்ட பழைய கத்தோலிக்கக் கல்லூரிகள் பலவற்றில் நிழலுக்குக் குறைவே இருக்காது.

அந்த மரங்களைக் கவனித்தால் பருவம் தானாகத் தெரியும். மாசி, பங்குனியில் வேம்பு இலை உதிர்த்துத் துளிர்க்கும். சித்திரையில் வேப்பம்பூ மணக்கும்; புங்கம்பூ தரையில் பாய் விரிக்கும்; சரக்கொன்றை மஞ்சளாகத் தொங்கும். வைகாசியில் மயில்கொன்றை சிவந்து நிற்கும். இத்தனை அழகும் நடக்கும்போது பிள்ளைகள் கோடை விடுமுறையில் இருப்பார்கள். கல்லூரி திறந்து ஆனி பிறந்ததும் வேப்பம்பழம் விழ ஆரம்பிக்கும். அப்போது அது காலில் மிதிபடும் குப்பை.

அது குப்பை இல்லை என்று சொன்னவர்களும் அதே வளாகத்துக்காரர்கள்தாம். இலயோலாவில் உள்ள பூச்சியியல் ஆராய்ச்சி நிறுவனம் வேப்பெண்ணெயையும் புங்கெண்ணெயையும் சேர்த்து ‘பொன்னீம்’ என்ற பூச்சிவிரட்டியை உருவாக்கிக் காப்புரிமையும் பெற்றது. திருச்சி தூய வளனார் கல்லூரியில் அருள்தந்தை கே.எம்.மாத்யூ 1967-ல் ராபினட் உலர்தாவரகம் தொடங்கினார். எந்தச் செடி, எந்த ஊரில், எந்த நாளில் எடுத்தது என்று ஒவ்வொரு தாளிலும் குறித்துவைக்கும் வேலை அது. நம் பாட்டன்மார் மனதில் வைத்திருந்த பருவக் கணக்கை அவர்கள் தாளில் எழுதினார்கள். ஆக, அறிவு அங்கேயே இருக்கிறது. மரமும் அங்கேயே இருக்கிறது. வயலுக்கு வரும் வழிதான் இல்லை.

எங்கள் பிள்ளையார்குப்பத்திலும், பாகூர் கொம்யூன் முழுக்கவும், நெல் விளைந்த மண்ணுக்குப் பக்கத்தில் கல்லூரி வளாகங்கள் வந்துவிட்டன. ஓர் ஆடி மாதம் ஒரு வளாகத்தில், பெயர் வேண்டாம், பெருக்கிக்கொண்டிருந்த அம்மாவிடம் கேட்டேன். “இந்தக் கொட்டையெல்லாம் என்னம்மா பண்ணுவீங்க?” “சருகோட சேத்துக் கொளுத்திடுவோம்ண்ணே.” அவர் மேல் குற்றமில்லை. சுத்தமா இருக்கணும் என்பது அவருக்கு வந்த உத்தரவு. ஆனால் அந்தப் புகையில் போனது பூச்சிமருந்தும் மூடாக்கும்.

வேம்பின் பூஞ்சணக் கொல்லிக் குணத்துக்கு அமெரிக்க வேளாண்துறையும் டபிள்யூ.ஆர்.கிரேஸ் நிறுவனமும் ஐரோப்பாவில் வாங்கிய காப்புரிமையை எதிர்த்துப் போராடினோம். 2000-ல் அது ரத்தானது; மேல்முறையீடும் 2005-ல் தள்ளுபடியானது. வேம்பு நம் மக்களின் அறிவு என்று நிலைநாட்டிவிட்டு, விழுகிற கொட்டையைக் கொளுத்தவிட்டு, பாட்டிலில் அடைத்த வேப்பெண்ணெயைக் கடையில் வாங்குவது என்ன நியாயம்?

கணக்குப் பாருங்கள். 5 சத வேப்பங்கொட்டைக் கரைசலுக்கு 100 லிட்டர் தண்ணீருக்கு 5 கிலோ பருப்பு. ஏக்கருக்கு 200 லிட்டர் தெளித்தால் 10 கிலோ. பழத்தின் சதையைக் கழுவி, நிழலில் நன்றாகக் காயவைத்து, காற்றோட்டமான சாக்கில் வைக்கணும். பூசணம் பிடித்த கொட்டை ஆகாது; அதனால் மழைக்கு முந்திப் பொறுக்கணும். ஆனி, ஆடியில் சேர்த்தது மூன்று மாதம் கழித்து, சம்பாவில் இலைச்சுருட்டுப் புழு வரும் ஐப்பசிக்குச் சரியாகக் கைக்கு வரும். இடித்து இரவு ஊறவைத்து, வடிகட்டி, கொஞ்சம் காதி சோப்புக் கரைசல் சேர்த்து, மழை விட்ட நாளில் சாயங்காலம் தெளிக்கலாம். வெயிலில் அதன் வீரியம் குறைந்துவிடும்.

வளாகங்களை நடத்துகிறவர்களிடம் நான் கேட்பது இரண்டு. சருகைக் கொளுத்தாதீர்கள். இனி நடும் மரம் வேம்பாக, புங்கமாக, இலுப்பையாக இருக்கட்டும்; பூ அழகுக்காக மட்டும் நடவேண்டாம். மார்கழியில் கிறிஸ்துமஸ் குடிலுக்கு வைக்கோல் தேடும்போது மட்டும் உழவர் நினைவு வந்தால் போதுமா?

நமக்கும் வேலை இருக்கிறது. வைகாசியிலேயே நாலு பேராகப் போய் அனுமதி கேளுங்கள். கொட்டையை ஓசியில் கேட்காதீர்கள். பெருக்குகிற பெண்களுக்குக் கிலோவுக்கு இவ்வளவு என்று பேசிக் கையில் காசு கொடுங்கள். காசு கிடைக்கும் பொருளை யாரும் கொளுத்த மாட்டார்கள். சருகுக்குப் பதிலாக மக்கிய உரத்தில் ஒரு பங்கை வளாகத் தோட்டத்துக்குத் திருப்பிக் கொடுங்கள். விடுதிச் சமையலுக்கு நஞ்சில்லா அரிசி வேண்டுமா என்று அந்தப் பேச்சோடு கேட்டும் வையுங்கள். கேட்டால்தானே தெரியும்!