தடைதாண்டும் பரியும் அதன் ஆசானும்

குதிரைப் பந்தயம் என்ற சொல் செவிப்பட்ட மாத்திரத்தே நம்மவருள் பெரும்பாலார் முகஞ் சுளிப்பர். வாரக் கூலியைச் சூதிற் போக்கிவிட்டு வெறுங்கையனாய் வீடு திரும்பும் தந்தையும், அவ்வீட்டின் எரியாத அடுப்புமே அவர்தம் மனக்கண்முன் தோன்றும். யானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். சென்ற பருவத்தில் எங்கள் விடுதியிலே இராவுணவுக்குப் பின் நிகழ்ந்த சொல்லாடலொன்றில், இங்கிலாந்திலும் அயர்லாந்திலும் நடைபெறும் தடைதாண்டு பந்தயங்களை உடனே சட்டத்தால் ஒழித்தல் வேண்டும் என முழங்கினேன். நண்பரொருவர் குறுக்கிட்டு, "அக்குதிரைகளைப் பழக்குவோர் ஒரு நாளை எவ்வாறு கழிக்கின்றனர் என்பதை நீர் அறிவீரோ?" என்றார். அறியேன் என்று சொல்ல நாணி, அந்நாணத்தை உரத்த குரலால் மறைத்தேன். இக்கட்டுரைக்கு அதுவே காரணம். அறியாது வழங்கிய தீர்ப்பை அறிந்தபின் மீண்டும் ஆராய்தல் கற்பார் கடமையன்றோ?

தடைதாண்டு பந்தயம் என்பது யாது? 1752-ஆம் ஆண்டில் அயர்லாந்தின் கார்க் மாவட்டத்தில் இருவர், பட்டவன்ட் என்னும் ஊரின் திருச்சபைக் கோபுரத்தினின்று டொனரெயில் ஊரின் கோபுரம்வரை, இடைப்பட்ட வேலியும் ஓடையும் மதிலும் தாண்டிக் குதிரைகளைச் செலுத்திப் போட்டியிட்டனர் என்பர். கோபுரத்தைக் குறியாகக் கொண்டு ஓடியமையால், கோபுர வேட்டை எனப் பொருள்படும் 'ஸ்டீபிள்சேஸ்' என்னும் பெயர் இதற்கு அமைந்தது. இன்று பிரிட்டனில் இவ்வகைப் பந்தயங்களுள் சிறுதடைகள் மூன்றரை அடிக்கும், பெருவேலிகள் நாலரை அடிக்கும் குறையாத உயரமுடையன. குதிரை இரண்டு மைல் முதல் நான்கு மைலுக்கு மேலும், முதுகில் 140 இராத்தலுக்குக் குறையாத சுமையோடு அவற்றைத் தாண்டி ஓடுதல் வேண்டும். லிவர்பூல் நகரையடுத்த எயின்ட்ரீக் களத்தில் 1839 முதல் புகழ்பெற்று விளங்கும் 'கிராண்ட் நேஷனல்' பந்தயத்தில் தாண்டவேண்டிய வேலிகள் 30.

அந்தப் பத்து நிமிடத்தையே உலகம் காண்கின்றது. அதற்குப் பின்னுள்ள நாட்களைக் காண்பார் சிலரே. இங்கிலாந்தில் பார்க்ஷயர்ப் பகுதியிலுள்ள லாம்போர்ன் பள்ளத்தாக்கு, பந்தயக் குதிரைகளின் பள்ளத்தாக்கு என்றே வழங்கப்பெறுவது. அத்தகைய ஊரொன்றில் குளிர்காலத்து நாளொன்றை எண்ணிப் பார்ப்போம். கதிரவன் எழுதற்கு இரண்டு மணி நேரம் முன்னரே, 'டிரெயினர்' எனப்பெறும் பயிற்றாசான் விளக்கோடு லாயத்துட் புகுகின்றார். அவர் முதலில் நோக்குவது குதிரையின் முகத்தையன்று, அதன் தீனித் தொட்டியையே. இரவு வைத்த தீனி மிச்சமிருப்பின், நோயோ அச்சமோ களைப்போ ஏதோ ஒன்று அவ்வுயிரை வருத்துகின்றது என்று பொருள். அடுத்து முன்கால்களைக் கையால் தடவிப் பார்க்கின்றார். முழங்காலுக்குக் கீழே பின்புறமாக ஓடும் தசைநாணில் இம்மியளவு வெப்பம் மிகுந்து தோன்றினாலும் அவர் உள்ளம் திடுக்கிடும். அந்நாண் ஒருமுறை கிழிந்துவிட்டால், குதிரை மீண்டும் களம் புக ஓராண்டு செல்லினும் செல்லும். புகாமலே ஒழியினும் ஒழியும்.

இதற்குள் லாயத்துப் பணியாளர் சாணமும் ஈரவைக்கோலும் அகற்றித் தரையைத் தூய்மை செய்வர். ஆடவரும் மகளிரும் ஒருங்கே உழைக்கும் இப்பணியில் அண்மைக் காலத்தே நம் நாட்டினின்று சென்ற குதிரையேறிகளும் பலர் சேர்ந்துள்ளனர். பின்னர்ச் சேணம் பூட்டி முதற்கூட்டம் புறப்படும். அது மீண்டபின் இரண்டாங் கூட்டம், அதன்பின் மூன்றாங் கூட்டம் என முற்பகல் முழுதும் கழியும். குன்றின் சரிவிலே மேல்நோக்கி ஓடவிட்டு, ஆசான் ஒருபுறம் நின்று மூச்சொலியைக் கூர்ந்து கேட்பார். எக்குதிரை விரைந்து ஓடிற்று என்பதினும், ஓடி முடித்தபின் எது விரைவில் மூச்சடங்கிற்று என்பதே அவருக்குப் பெரிது. இளங்குதிரைகளுக்குத் தரையிற் கிடத்திய மரக்கழியில் தொடங்கிச் சிறுதடை, பின்னர் வேலி எனப் படிப்படியாகத் தாண்டக் கற்பிப்பர். எழுத்தறிவிக்கும் ஆசிரியன் அரிச்சுவடியில் தொடங்குதல் போன்றதே இதுவும். அஞ்சிய குதிரையை அடித்துத் தாண்டச் செய்யின், அது வேலியை மட்டுமன்றி மனிதனையும் அஞ்சக் கற்றுக்கொள்ளும்.

இடையே எழுத்துவேலையும் உண்டு. பந்தயத்துக்கு முந்திய நாள் காலை 10 மணிக்குள் எக்குதிரை ஓடும் என்பதை உறுதி கூறியாகவேண்டும். மழை பெய்யுமா, நிலம் இளகுமா, உறைபனியால் களமே மூடப்படுமா என்றெல்லாம் வானத்தைப் பார்த்தவாறே முடிவு செய்யவேண்டும். குதிரைகளின் உரிமையாளர்க்குத் தொலைபேசியில் விடை கூறவேண்டும். லாடம் அடிப்போனுக்கும் விலங்கு மருத்துவருக்கும் தீனி வணிகனுக்கும் பணம் கொடுக்கவேண்டும். மாலையில் மீண்டும் ஒவ்வொரு கொட்டிலாகச் சென்று கால்களைத் தடவிப் பார்த்து நாளை முடிப்பார். வேனிற்காலத்தில் குதிரைகள் புல்வெளியில் ஓய்ந்து மேயும். ஓய்வு முடிந்தபின் அவற்றை மீண்டும் கொணர்ந்து, கால் உறுதிப்படப் பல வாரம் நடையே பயிற்றுவர். நளன் வாகுகனாய் மறைந்திருந்து இருதுபன்னன் தேரைச் செலுத்திய கதையைப் படித்த நமக்கு, பரியின் உள்ளம் அறிதல் ஒரு பெருங்கலை என்பது புதிதன்று.

இக்கலைக்குச் செல்வமே முதல் என்று எண்ணற்க. ஜிஞ்சர் மக்கெய்ன் என்பார் சவுத்போர்ட் என்னும் கடற்கரையூரில் மோட்டார் வண்டி விற்கும் கடையின் பின்புறத்தே சிறிய லாயம் வைத்திருந்தார். புல் செறிந்த பயிற்சிக் குன்று அவருக்கில்லை. கடற்கரை மணலே இருந்தது. அவர் வாங்கிய 'ரெட் ரம்' என்னும் குதிரையோ குளம்பெலும்பு நோயுற்றது. அதனை நாள்தோறும் மணலில் ஓட்டிக் கடல்நீரில் நடத்தினார். அக்குதிரை 1973, 1974, 1977 ஆகிய மூன்றாண்டுகளிலும் கிராண்ட் நேஷனலில் வென்றது. அப்பந்தயத்தை மும்முறை வென்ற குதிரை பிறிதொன்றில்லை.

இவற்றையெல்லாம் கற்றபின் என் பழைய கருத்து முற்றும் மாறிவிட்டதோ எனின், இல்லை. பிரிட்டனில் தடைதாண்டு பந்தயங்களில் ஓடப் புறப்படும் குதிரைகளுள் ஆயிரத்துக்கு ஏறத்தாழ நான்கு உயிரிழக்கின்றன. 2012-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் செல்ட்டனம் தங்கக் கோப்பையை வென்ற 'சிங்க்ரனைஸ்டு' என்னும் குதிரை, அடுத்த திங்களிலேயே எயின்ட்ரீக் களத்தில் கால் முறிந்து மாண்டது. அதனைக் காலையும் மாலையும் தடவிப் பார்த்த கைகள் அன்றிரவு வெறுங்கொட்டிலைக் கண்டிருக்கும். அன்பு குறைந்தமையால் நேர்ந்ததன்று அது. எனினும், அன்பிருந்தும் நேர்ந்தது என்பதே நம்மைக் கலங்கச் செய்வது.

இப்பந்தயத்தை ஆதரிப்போர் ஒரு நியாயம் கூறுவர். ஏறியவன் வீழ்ந்த பின்னும் குதிரை தானே ஏனையவற்றோடு ஓடி வேலி தாண்டுகின்றது; ஆதலின் அது விரும்பியே ஓடுகின்றது என்பது அவர் கூற்று. இது பொருந்தாது. குதிரை மந்தையாய் வாழும் விலங்கு; தன் இனம் ஓடும் திசையில் தானும் ஓடுதல் அதன் இயற்கை. ஓடுதலில் அதற்கு இன்பமுண்டு என்பதை ஒப்புக்கொள்வேன். ஆனால் இடரை எண்ணிப் பார்த்து இசைதல் என்பது வேறு. அவ்விசைவைத் தர அதற்கு மொழியில்லை, மறுக்கவும் மொழியில்லை.

மறுக்கவியலாத உயிருக்காக மறுப்பவர் ஒருவர் வேண்டும். அவரே பயிற்றாசான். தீனித் தொட்டியை நோக்குவதும், காலைத் தடவுவதும், மூச்சொலியைக் கேட்பதும் ஆகிய பணிகளெல்லாம் ஒரு சொல்லைச் சொல்லும் தகுதியை அவருக்கு அளிக்கின்றன. 'இன்று வேண்டாம்' என்பதே அச்சொல். வென்ற கோப்பைகளினும், அச்சொல்லை எத்துணை முறை உரிய காலத்தில் சொன்னார் என்பதே ஆசானுக்கு அளவுகோல் என்பது என் துணிபு.

அச்சொல் எளிதன்று. மாதந்தோறும் பணம் செலுத்தும் உரிமையாளர் தம் குதிரை ஓடுதலைக் காண விழைவர். மனம் நொந்தால் அதனை வேறு லாயத்துக்கு மாற்றிவிடுவர். மக்களோ சீட்டு வாங்கிக் காத்திருப்பர். பத்திரிகைகள் எள்ளும். 2022 நவம்பரில் நிக்கி ஹெண்டர்சன் என்னும் புகழ்பெற்ற ஆசான், ஆஸ்காட் களத்தின் நிலம் இறுகியிருக்கக் கண்டு, 'கான்ஸ்டிட்யூஷன் ஹில்' என்னும் தம் சிறந்த குதிரையைப் பந்தயத்தினின்று விலக்கினார். காண வந்தோர் பலர் வருந்தினர். குறை கூறினோரும் உளர். அடுத்த மார்ச்சில் அக்குதிரை நலமே ஓடிச் 'சாம்பியன் ஹர்டில்' பந்தயத்தை வென்றது. ஒருகால் அது தோற்றிருந்தாலும் அவர் செய்தது சரியே என்பேன். இறுகிய நிலத்தின் இடரை அறிந்து குதிரையைக் காத்தமைக்கு வெற்றி சான்றாக வேண்டுவதில்லை.

உரிமையாளரும் இச்சொல்லைக் கற்கலாம். 1964, 1965, 1966 ஆகிய மூன்றாண்டும் தங்கக் கோப்பையை வென்ற 'ஆர்க்கிள்' என்னும் அயர்லாந்துக் குதிரை கிராண்ட் நேஷனலில் ஒருமுறையேனும் ஓடியதில்லை. அதன் உரிமையாளராகிய வெஸ்ட்மின்ஸ்டர்க் கோமாட்டியார் அதற்கு இசையவில்லை. ஓடாத அப்பந்தயத்தால் ஆர்க்கிளின் புகழ் அணுவளவும் குன்றவில்லை.

ஆட்சியாளரும் சிறிது சிறிதாக வழிக்கு வருகின்றனர். கிராண்ட் நேஷனலில் ஓடும் குதிரைகளின் தொகை 2024 முதல் 40-லிருந்து 34 ஆகக் குறைக்கப்பட்டது. 2023 முதல் தடைதாண்டு பந்தயத்தில் சவுக்கை ஏழு முறைக்கு மேல் வீசுதல் குற்றம். அவ்வரம்பை நான்கோ அதற்கு மேலோ கடந்தால் குதிரை தன் இடத்தையே இழக்கும். இவை நல்லனவே, ஆயினும் போதா. வென்றவரைப் பாராட்டும் பத்திரிகைகள், விலக்கியவரையும் பாராட்டக் கற்கவேண்டும். ஓடி ஓய்ந்த குதிரைக்கு முதுமைக்காலத்தில் புல்லும் நிழலும் தருதல், அதனால் பொருளும் புகழும் பெற்றார் அனைவர்க்கும் கடனாகவேண்டும்.

இனி, என் தீர்ப்பு யாது? 'உடனே ஒழிக்க' என்று முழங்கிய சொல்லை மீளப் பெறுகின்றேன். இருளில் எழுந்து, பேசா உயிரொன்றின் காற்சூட்டைத் தம் உள்ளங்கையால் அளப்பாரைக் கொடியர் என்றது என் பிழை. ஆனால் ஆயிரத்துக்கு நான்கு என்னும் அவ்வெண்ணை மறக்க மாட்டேன். அது குறைந்துகொண்டே வரின் இப்பந்தயம் தன்னைத் தானே காத்துக்கொள்ளும். குறையாது நிற்குமாயின், அன்று விடுதியில் அறியாமையால் யான் சொன்னதையே, நாளை அறிந்தவராகிய அவ்வாசான்களே சொல்ல நேரும்.

நண்பரிடம் இதனைத் தெரிவித்தேன். அவர் நகைத்து, "அன்று நீர் கூறியது நிமிடத்தில் முடிந்தது, இன்று கூறியதற்கு ஒரு பருவம் ஆயிற்றே!" என்றார். ஆகட்டும். ஒரு குதிரையை ஒரு வேலி தாண்டப் பழக்குவதற்கும் அவ்வளவு காலம் ஆகின்றதே!