நடுவழியில் நிற்கும் பிரயாணி

ஆகாய மார்க்கமாகக் கீழ்த்திசை நாடுகளுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் செல்லும் நம்மவர்களில் பலர் சிங்கப்பூரில் இறங்கி வேறு விமானம் ஏற வேண்டியவர்களாயிருக்கிறார்கள். இரண்டு விமானங்களுக்கும் நடுவே ஆறு மணி, எட்டு மணி, சில சமயங்களில் அதற்கு மேலும் இடைவெளி நேர்ந்துவிடுகிறது. அந்நேரத்தை அவர்கள் எவ்வாறு போக்குகிறார்கள்? நாற்காலியில் சாய்ந்து கைத்தொலைபேசியை நோக்கியும், வாங்கப் போவதில்லையென்று தமக்கே தெரிந்த சரக்குகளின் விலையை விசாரித்தும் போக்குகிறார்கள். கண்ணாடிச் சுவருக்கு அப்பால் ஒரு மகாநகரம் இருக்கிறதென்ற நினைவே பலருக்கு உண்டாவதில்லை.

இத்தகைய பிரயாணிகளை ஊருக்குள் அழைத்துச் சென்று காட்டித் திரும்பக் கொணர்ந்து விடும் ஏற்பாடொன்று சாங்கி விமான நிலையத்தில் 1987-ஆம் ஆண்டு முதல் உண்டு. கட்டணம் கிடையாது. ஐந்தரை மணிக்குக் குறையாமலும் 24 மணிக்குட்பட்டும் இடைவெளியுள்ளவர்கள் இதில் சேரலாம். சுற்று ஏறக்குறைய இரண்டரை மணி நேரத்தில் முடியும். தொற்று நோய்க் காலத்தில் நிறுத்தப்பட்டிருந்த இது 2023-இல் மறுபடியும் தொடங்கப்பட்டது. வியாபார புத்தியுள்ளவர்கள் செய்த ஏற்பாடுதான், சந்தேகமில்லை. ஒருமுறை ஊரைப் பார்த்தவன் மறுமுறை பணத்தோடு வருவான் என்பதை அவர்கள் அறிவார்கள். ஆயினும் வழிப்போக்கனையும் விருந்தினனாக மதிக்கும் குணம் அதில் இருப்பதை நாம் மறுப்பதற்கில்லை.

தனியே செல்ல விரும்புவோர் முதலில் கணக்குப் பார்த்துக்கொள்ள வேண்டும். எட்டு மணி நேரம் இருக்கிறதென்றால் அவ்வளவும் நம்முடையதன்று. வெளியேறுவதற்கு ஒரு மணி, மறு விமானத்துக்கு முன்னதாகத் திரும்புவதற்கு இரண்டு மணி, ரயிலில் போக வர ஒன்றரை மணி, ஆக நான்கரை மணி கழிந்தால் கையில் நிற்பது மூன்றரை மணியே. மூட்டை முடிச்சுகள் சேருமிடம் வரை நேரே போகின்றனவா என்பதைப் புறப்படும் ஊரிலேயே விசாரித்துக்கொள்வது நலம். வருகைச் சீட்டை மூன்று நாட்களுக்குள் மின்வலை வழியாக நிரப்பி அனுப்ப வேண்டும். அதற்குக் காசு எதுவும் இல்லை. காசு கேட்பவர்களிடம் ஏமாற வேண்டாம்.

அந்த மூன்றரை மணியை எங்கே செலவிடுவது? விமான நிலையத்தை அடுத்து 2019-இல் திறந்த ஜுவல் மாளிகையில் 40 மீட்டர் உயரத்திலிருந்து விழும் செயற்கை அருவியைக் காணக் கூட்டம் கூடுகிறது. அழகுதான். ஆனால் குற்றாலத்தை அறிந்தவர்களுக்கு அதற்கு அரை மணிக்கு மேல் வேண்டியதில்லையென்பது நமது அபிப்பிராயம். சிராங்கூன் சாலைக்குச் செல்லுங்கள். வீரமாகாளியம்மன் சந்நிதியில் ஒரு கும்பிடு போட்டு, வாழையிலையில் சாப்பிட்டு, தமிழ்ப் பெயர்ப் பலகைகளைப் படித்துக்கொண்டே நடக்கலாம். தமிழ் அந்நாட்டின் நான்கு ஆட்சி மொழிகளுள் ஒன்று. 1819-இல் ராபிள்ஸ் துரையோடு வந்த நாராயண பிள்ளை 1827-இல் எழுப்பிய மாரியம்மன் கோயில் சவுத் பிரிட்ஜ் சாலையில் இருக்கிறது.

எல்லாவற்றுக்கும் மேலாக, பாடாங் மைதானத்தையடுத்த எஸ்பிளனேட் பூங்காவுக்கு நம்மவர் ஒவ்வொருவரும் செல்ல வேண்டுமென்று விரும்புகிறோம். இந்திய தேசிய ராணுவத்தில் உயிர் நீத்தோருக்காக அங்கே 1945 ஜூலையில் நேதாஜி அடிக்கல் நாட்டிய நினைவுச் சின்னத்தை, திரும்பி வந்த பிரிட்டிஷார் அதே ஆண்டில் தகர்த்தெறிந்தனர். அது இருந்த இடத்தைக் குறிக்கும் கல்லைச் சிங்கப்பூர் சர்க்கார் 1995-இல் நாட்டியது. அந்தப் படையில் சேர்ந்தவர்களில் எத்தனையோ பேர் மலேயா ரப்பர்த் தோட்டங்களில் கூலி வேலை செய்த தமிழர்கள். ஜான்ஸி ராணி படைக்குத் தலைமை வகித்த லக்ஷ்மி அம்மையாரும் சென்னையிலிருந்து அவ்வூர் சென்று வைத்தியம் செய்துவந்தவரே. அக்கல்லின் முன் நிற்பதற்குப் பத்து நிமிஷம் போதும்.

ஆனால் யாருக்கு இந்தப் பாக்கியம்? இங்கேதான் நமக்கு மனத்தாங்கல். இந்தியப் பாஸ்போர்ட் உடையவர் சிங்கப்பூருக்குள் நுழைய விஸா வேண்டும். இலவசச் சுற்றுக்கும் இந்த நிபந்தனையில் விலக்கில்லை. வழிப்போக்கருக்கு 96 மணி நேரம் விஸாவின்றித் தங்க ஒரு சலுகை உண்டு. அது அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூஸிலாந்து, ஜெர்மனி, ஸ்விட்ஸர்லாந்து, ஜப்பான் ஆகிய நாடுகளின் செல்லுபடியாகும் விஸாவோ நீண்ட நாள் தங்கும் அனுமதியோ பெற்றவர்களுக்கு மட்டுமே. மெல்பர்னில் மகன் வீட்டுக்குப் போகிறவர் வெளியே வரலாம். புருனேயில் கொத்து வேலைக்குப் போகும் புதுக்கோட்டைக்காரர் நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். தோட்டத் தொழிலாளர்கள் ரத்தஞ் சிந்திய வரலாற்றைச் சொல்லும் அக்கல்லை இன்றைய தொழிலாளி காண முடியாது!

எந்த நாட்டுக்கும் தன் வாயிலைக் காக்கும் உரிமை உண்டு. அதை நாம் ஆக்ஷேபிக்கவில்லை. எனினும் இலவசச் சுற்றில் செல்வோரை வழிகாட்டியொருவர் கூட்டமாக அழைத்துச் சென்று கூட்டமாகவே கொண்டுவந்து விடுகிறார். மேற்கொண்டு செல்லும் டிக்கெட்டும், சேரும் நாட்டின் அனுமதியும் கையில் இருக்க, அப்படிப்பட்ட ஒருவரை இரண்டரை மணி நேரம் நம்புவதில் என்ன அபாயம்? அச்சுற்றுக்கு மட்டுமாவது விஸா விலக்கு அளிக்குமாறு இந்தியா சர்க்கார் சிங்கப்பூர் சர்க்காரிடம் பேச வேண்டும். எத்தனையோ வியாபார உடன்படிக்கைகள் பேசி முடிப்பவர்களுக்கு இது பெரிய காரியமன்று.

பிறரைக் கேட்கும்போது நம் வீட்டையும் சற்றுப் பார்க்கலாம். அந்தமானுக்குச் செல்லும் வட இந்தியர் பலர் சென்னையில் விமானம் மாறுகிறார்கள். அவர்களுக்கு எந்த விஸாவும் வேண்டியதில்லை. மீனம்பாக்கத்தில் கொட்டாவி விட்டுக்கொண்டிருக்கிறார்கள். நிலையத்துக்கு எதிரே திரிசூலம் மலையும் அதன் கோயிலும், கூப்பிடு தூரத்தில் பரங்கிமலையும் இருக்கின்றன. 2016 முதல் மெட்ரோ ரயில் நிலையத்தின் வாயிலிலேயே நிற்கிறது. காலையில் வந்து மாலையில் புறப்படுகிறவர் மாமல்லபுரத்தையே பார்த்துவிட்டுத் திரும்பலாம். சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தினிடம் பஸ்களும் வழிகாட்டிகளும் உண்டு. வருகைக் கூடத்தில் ஒரு மேஜையும், தினம் ஒரு பஸ்ஸுமாக வரும் டிசம்பர் மாதத்திலேயே இதைத் தொடங்கிப் பார்க்கலாமென்று மாகாண அதிகாரிகளுக்குத் தெரிவித்துக்கொள்கிறோம்.