யாருக்கு அது செத்த ஊர்?

தனுஷ்கோடியைப் பற்றி எழுதுகிற பத்திரிகைகளுக்கு ஒரே ஒரு தலைப்புத்தான் தெரியும் போலிருக்கிறது. 'பேய் நகரம்', 'ஆவிகள் உலவும் ஊர்', 'செத்துப் போன ஊர்' என்று வார்த்தைகள்தான் மாறும்; அச்சு ஒன்றேதான். கூடவே ஒரு படமும் வரும். கூரையில்லாத மாதா கோயில், பின்னால் கடல், நடுவில் ஒரு மனிதப் பூச்சி கிடையாது. இந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு. பல வருஷங்களுக்கு முன் ஒரு கதையில், அந்த இடிந்த கோயிலை ஒரு விதவையின் மனசுக்கு உவமையாக்கினேன். பாராட்டிக் கடிதங்கள் கூட வந்தன. அந்தக் கோயிலுக்குச் சற்றுத் தள்ளி யாராவது குடியிருக்கிறார்களா என்று வாசகர் ஒருவரும் கேட்கவில்லை. நானும் போய்ப் பார்த்து எழுதியவனில்லை.

சென்ற தை மாதம் போனேன். 2017-ல் போட்ட தார்ச்சாலை அரிச்சல்முனை வரைக்கும் ஓடுகிறது. முன்பு மணலில் குலுங்கிக் குலுங்கி வேனில் போனவர்கள் இப்போது காரில் அரை மணியில் போய்த் திரும்பிவிடுகிறார்கள். நான் பாதி வழியில் இறங்கித் தென்கடல் கரைக்கு நடந்தேன். அங்கே கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

கரைவலையைப் பார்க்காதவர்களுக்குச் சொல்ல வேண்டும். ஒரு கயிற்றின் நுனியைக் கரையில் ஆட்களிடம் விட்டுவிட்டு வள்ளம் கடலுக்குள் போகிறது. கயிறு முடிந்ததும் வலையின் ஒரு கை, பிறகு நடுவிலுள்ள மடி, பிறகு மறு கை என்று இறக்கிக்கொண்டே அரைவட்டமாக வளைந்து, இன்னொரு கயிற்றோடு தூரத்தில் கரையேறுகிறது. அப்புறம் இரண்டு கட்சியாகப் பிரிந்து இழுக்க வேண்டியதுதான். மணலில் குதிகாலை ஊன்றிப் பின்னாலேயே நடக்கிறார்கள். மேட்டுக்கு வந்துவிட்டவர் கயிற்றை விட்டுவிட்டு, மறுபடி தண்ணீரோரம் போய்ப் பிடித்துக்கொள்கிறார். மணிக்கணக்காக இதே நடைதான். இரண்டு கட்சியும் கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கி வருகின்றன. மடி கரையை அணுகும்போது ஓரிருவர் தண்ணீரில் இறங்கி, மீன் அடியில் நழுவிவிடாமல் அடிக்கயிற்றை மிதித்துக்கொண்டு நிற்கிறார்கள்.

பக்கத்துக்குப் பதினைந்து பேர் இருக்கலாம். ஆழ்கடலுக்குப் போகிற வயசைத் தாண்டிய கிழவர்கள், பள்ளிக்கூடம் முடித்து வேலைக்குக் காத்திருக்கும் பையன்கள், மூன்று பெண்கள். படகில் இடமில்லாதவர்களுக்கும் பங்கு உள்ள மீன்பிடிப்பு இது ஒன்றுதான் என்று தோன்றியது.

அப்போதுதான் மூன்று இளைஞர்கள் காமிராவும் முக்காலியுமாக வந்தார்கள். நல்ல பிள்ளைகள்தான், மரியாதையாகத்தான் கேட்டார்கள். "ஐயா, ரெண்டு நிமிஷம் அந்தப் பக்கமா ஒதுங்கிக்கிறீங்களா? ஊர் காலியா இருக்கிற மாதிரி வேணும்."

கயிற்றின் கடைசியில் நின்ற பெரியவர் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார்: "கயித்த விட்டா மீன் போயிரும் தம்பி. நீங்க கொஞ்சம் தள்ளிப் போயி எடுத்துக்கங்க."

அவர் கோபப்படவில்லை. எனக்குத்தான் முகம் சுட்டது. அந்தப் பிள்ளைகள் வாயால் கேட்டதைத்தான் நான் பேனாவால் செய்திருந்தேன்.

1964 டிசம்பர் 22 இரவு புயல் வந்தது, கடல் பொங்கி ஊரை மூடியது, பாம்பனிலிருந்து வந்த ரயில் பயணிகளோடு போயிற்று என்பதெல்லாம் வாஸ்தவம். அந்தச் சாவுகளை யாரும் சிறிதாக்க வேண்டாம். ஆனால் புயலில் செத்தது எது? 1914-லிருந்து சென்னையையும் தலைமன்னாரையும் ரயிலாலும் கப்பலாலும் கோத்து வைத்திருந்த ஒரு துறைமுகம். ஸ்டேஷன் திரும்ப வரவில்லை, தபாலாபீஸ் வரவில்லை, சுங்கக்காரர்கள் வரவில்லை. கப்பல் இராமேஸ்வரத்துக்கு மாறிவிட்ட பிறகு அவர்கள் வந்துதான் என்ன செய்வது? மனுஷர் வாழத் தகுதியில்லாத இடம் என்று அரசாங்கம் அறிவித்தது. கடல்காரர்கள் மட்டும் திரும்ப வந்து குடிசை போட்டார்கள். மீனுக்கு அந்த அறிவிப்பு போய்ச் சேரவில்லையே!

இரண்டு கடல் உள்ள கரை அது. வடக்கே இருப்பதைப் பெண்கடல் என்றும், தெற்கே இருப்பதை ஆண்கடல் என்றும் சொல்கிறார்கள். வாடைக் காலத்தில் வடகடல் கலங்கினால் தென்கரையில் வலை போடலாம். தென்மேற்குக் காற்றில் தென்கடல் கொந்தளித்தால் வடகரைக்குப் போகலாம். வலையைத் தோளில் தூக்கிக்கொண்டு போகிற தூரத்தில் இரண்டு கடல்! குடிக்கத் தண்ணீர் வேண்டுமானால், கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் பெண்கள் மணலைக் கையால் பறித்து ஊற்று எடுக்கிறார்கள். இந்தச் சங்கதிகளெல்லாம் தெரிந்தவர்களைக் கொண்டுபோய் வேறு எங்கே குடிவைப்பது?

'வார்த்தைதானே, அதில் என்ன நஷ்டம்?' என்று நண்பர் ஒருவர் கேட்டார். நஷ்டம் உண்டு. செத்த ஊருக்குப் பட்டா கேட்க முடியாது. செத்த ஊருக்குக் குழாயும் விளக்கும் ஆஸ்பத்திரியும் எதற்கு? பார்க்க வருகிறவர்களுக்குச் சாலை போதும். 1983-ஆம் வருஷத்து மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம், கரையை ஒட்டிய கடலில் விசைப்படகுகள் மீன் பிடிக்கக் கூடாது என்கிறது. கயிறு எட்டுகிற தூரத்துக்கு மேல் போக முடியாத கரைவலைக்காரனுக்கு அந்தக் கரையோரக் கடல்தான் உலகம். அதற்குள் இழுவைமடி நுழைந்தால் கேட்க ஆள் வேண்டும். ஆளே இல்லாத ஊர் என்று நாம் அச்சடித்து வைத்திருக்கும்போது அவன் குரலை யார் கேட்பது? 'ஆவிகள் உலவும்' என்று எழுதுகிறவர் ரேஷன் கார்டு வைத்திருக்கிற மனுஷரை ஆவி என்கிறார் என்பது அவருக்கே தெரிவதில்லை.

கரைவலையில் குற்றமே இல்லையென்று நான் வாதாட வரவில்லை. மடியின் கண் சிறிது. குஞ்சும் குறுமீனும் மாட்டத்தான் செய்கின்றன. அதைத் திருத்த வேண்டுமானால் அவர்களோடு உட்கார்ந்து பேசித் திருத்த வேண்டும். பேசுவதற்கு முதலில் அங்கே ஆள் இருப்பதை ஒப்புக்கொள்ள வேண்டுமே.

இன்னொரு புயல் வந்தால் என்ன செய்வார்கள் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்வி. 1964-ஐ மறக்காதவர்கள் அவர்கள்தான். ஆனால் அந்தக் கேள்வியைச் சென்னையில் கடலோரம் மாடி மேல் மாடி கட்டுகிறவர்களிடம் இதே கரிசனத்தோடு யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

மடி கரைக்கு வந்தபோது பத்து மணி வெயில். காரல்தான் அதிகம், கொஞ்சம் சூடை, நாலைந்து நண்டு, ஒரு கணவாய். பெண்கள் உட்கார்ந்து இனம் பிரித்தார்கள். சம்மாட்டிக்கு வலைப்பங்கு போக மீதி ஆளுக்கு என்ன தேறும் என்று பெரியவரைக் கேட்டேன். "இன்னிக்கு டீச் செலவுக்கு ஆகும் சார். மத்தியானம் இன்னொரு பாடு போடணும்" என்றார்.

சாலைக்குத் திரும்பியபோது அந்த மூன்று பிள்ளைகளும் ஓலைக்கொட்டகைக் கடையொன்றில் உட்கார்ந்து பொரித்த மீன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். விலை கொஞ்சம் ஜாஸ்தி என்று கடைக்கார அம்மாளோடு பேரம் நடந்துகொண்டிருந்தது.