என் பிள்ளையின் அழுகை உங்கள் ஓய்வறைப் பேச்சா?

"இப்ப ஆர் சாதி பாக்கினம்?" என்று கேட்கிறவர்களே, கேளுங்கள். புதிதாக வகுப்புக்கு வந்த என் மகளிடம் பெயர் கேட்ட கையோடு ரீச்சர் கேட்டது, "பிள்ளை எவடம்?" மானிப்பாய் என்றாள். "மானிப்பாயில எவடம்?" ஒழுங்கையைச் சொன்னாள். "எந்தக் கோயிலடி?" கோயிலையும் சொன்னாள். அதோடு ரீச்சருக்குக் கேள்வி முடிந்துவிட்டது. என்ன முடிந்தது என்று யாழ்ப்பாணத்தில் பிறந்த ஒருவருக்கும் நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

அவளுடைய அப்பா சீவல் தொழில் செய்கிறார். விடியப்புறம் தளைநாரும் பாளைக்கத்தியுமாகப் போய், பனை ஏறி இறங்கி, கூட்டுறவுச் சங்கத்துக்குக் கள்ளு அளந்துவிட்டு வருகிறார். ஒளித்து வைக்கிற வேலை இல்லை. ஒரு நாள் கணக்குப் பிழைத்ததற்கு ஆசிரியர் சொன்னாராம், "தவறணைக் கணக்கெண்டால் உனக்குச் சரியா வந்திருக்கும்." வகுப்பே சிரித்ததாம். வாணி விழாவன்று அவல், கடலை பங்கிட நின்ற பிள்ளைகளுக்குள் இவளை மட்டும் கூப்பிட்டு விளக்குமாற்றைக் கையில் கொடுத்து, முற்றம் கூட்ட அனுப்பினார்களாம். சரஸ்வதிக்குப் படைத்ததில் இவள் கை படக் கூடாது. சரஸ்வதி வருகிற வழியை மட்டும் இவள் கூட்டலாம்.

பிரம்பைக் கீழே வைக்கச் சொல்லிக் கல்வி அமைச்சு 2005இல் சுற்றறிக்கை அனுப்பியது. நாக்கைப் பற்றி யார் அனுப்புவது?

இதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. என்னிடம் சொன்னால் அப்பாவுக்கு நோகும் என்று பிள்ளை வாயைத் திறக்கவில்லை. 'உங்கள் பிரச்சினைகளை மனம் விட்டுப் பேசுங்கள்' என்று சுவரில் ஒட்டியிருந்ததை நம்பி, உளவளத்துணைக்குப் பொறுப்பான ரீச்சரிடம் தானாகவே போயிருக்கிறாள். விளையாட்டுச் சாமான் அடுக்கிய அறை. கதவு சாத்தாது. அங்கே இருந்து அழுதழுது எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். அடுத்த நாள் அது ஆசிரியர் ஓய்வறையில் தேத்தண்ணீரோடு பேசப்பட்டது. அதற்கு அடுத்த நாள் அதே கணக்கு ஆசிரியர் வகுப்பில் எல்லோருக்கும் முன்னால், "என்னைப் பற்றி முறைப்பாடு வைக்கிறீரோ?" என்று கேட்டார்.

நான் போய்க் கேட்டேன். துணைக்கு இருக்க வேண்டிய ரீச்சர் சொன்ன பதில்: "அது பகிடிக்குச் சொன்னது அம்மா. பிள்ளையைக் கொஞ்சம் தாங்கிப் பழகச் சொல்லுங்கோ."

தாங்கிப் பழகத்தான் சொல்கிறீர்கள், எத்தனை தலைமுறையாக! எங்கள் பழசுகள் வகுப்புக்கு வெளியே, நிலத்தில் இருந்து படித்தவர்கள். 1929இல் உதவி பெறும் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் கொடுக்க வேண்டும் என்று அரசு உத்தரவிட்டபோது இந்தக் குடாநாட்டில் பள்ளிக்கூடங்களுக்கே தீ வைத்தார்கள். எங்கள் பிள்ளை வாங்கில் இருப்பதைவிடப் பள்ளிக்கூடம் எரிந்து போவது அவர்களுக்கு மேலாக இருந்தது. 1957இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்தது. வாங்கு கிடைத்தது, உண்மை. வாங்கில் இருத்திவிட்டுக் குத்துகிறீர்கள்.

ஆறுதல் சொல்ல வருகிறவர்கள் டொமினிக் ஜீவாவைக் காட்டுவார்கள். சாதியைச் சொல்லி வாத்தியார் ஏசியதால் பள்ளியை விட்டார். பிறகு எழுத்தாளராகி சாகித்திய மண்டலப் பரிசு வாங்கினார். 1966இல் மல்லிகை சஞ்சிகையைத் தொடங்கினார். பெருமைதான். ஆனால் அவரோடு பள்ளியை விட்ட மற்றப் பிள்ளைகள் எங்கே? ஒரு ஜீவாவைக் காட்டி ஆயிரம் பிள்ளைகளின் கணக்கை முடிக்காதீர்கள்.

கல்வியியற் கல்லூரியில் படித்து வந்த எங்கள் உறவுக்காரப் பெடியனிடம் கேட்டேன், அங்கே இதைப் பற்றி என்னதான் சொல்லித் தருகிறார்கள் என்று. "பியாஜே படிச்சம், வைகொட்ஸ்கி படிச்சம் அன்ரி. எங்கட ஒழுங்கையைப் பற்றி ஒருத்தரும் வாய் திறக்கேல்லை." சாதி இல்லை என்று சொல்லிக்கொண்டால் அதற்குப் பயிற்சி எதற்கு?

பயிற்றத் தெரியாத ஊரா இது? சமுவேல் கிறீன் என்ற அமெரிக்க மருத்துவர் 1840களில் இங்கு வந்து, இதே மானிப்பாயில் இருந்து தமிழ் படித்தார். இரணவைத்தியத்தைத் தமிழில் புத்தகமாக்கி எங்கள் பெடியன்களுக்குத் தமிழிலேயே வைத்தியம் கற்பித்தார். கடல் கடந்து வந்த மனிசனுக்கு நோயாளியின் பாஷை வேண்டும் என்று பட்டது. மதிலுக்கு அங்கால் இருக்கிற உங்களுக்கு எங்கள் பிள்ளையின் வீடு தெரிய வேண்டும் என்று படவில்லை. யுத்தம் நடந்தபோது தயா சோமசுந்தரம், சிவயோகன் போன்ற உளமருத்துவர்கள் இருந்த யாழ்ப்பாணத்தில்தான், ஷெல் சத்தத்தில் பேச்சு நின்ற பிள்ளையை எப்படி அணுகுவது என்று ஆசிரியர்களுக்குப் பழக்கினார்கள். நல்ல வேலை. ஷெல் போட்டவன் வெளியே இருந்தான், அதனால் பேச முடிந்தது. என் பிள்ளையின் பேச்சை நிறுத்தியது வகுப்புக்குள் நிற்கிறது.

பேச்சுப் போட்டிக்குத் தலைப்பாகச் சமத்துவத்தைக் கொடுத்தது போதும். உளவளத்துணை ரீச்சருக்குக் கதவு சாத்துகிற ஒரு அறை கொடுங்கள். பிள்ளை சொன்னது அந்தக் கதவைத் தாண்டினால் அது குற்றம் என்று எழுதி வையுங்கள். பயிற்சிக்கு வரும் ஆசிரியர்களை எங்கள் முற்றத்துக்குக் கூட்டி வாருங்கள். எங்கள் ஆக்களையும் விரிவுரைக்குக் கூப்பிடுங்கள், விளக்குமாறு தராமல்.

மகள் வேறு பள்ளிக்கூடம் கேட்கிறாள். விடுகைப் பத்திரத்துக்குக் கடிதம் வேண்டுமாம், காரணத்தோடு. "'தூரம்' எண்டு எழுதுங்கோ, பிரச்சினை வராது" என்று அலுவலகத்தில் அன்பாகச் சொன்னார்கள். பள்ளிக்கூடத்து மணி எங்கள் அடுக்களைக்குக் கேட்கும். நான் தூரம் என்று எழுதவில்லை. தவறணைக் கணக்கு, விளக்குமாறு, சாத்தாத கதவு எல்லாவற்றையும் வரிசையாக எழுதி, கீழே கையெழுத்து வைத்து, எந்த ஒழுங்கை என்றும் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.