தலையைக் கழற்றிவிட்டுச் சூடாக்குங்கள்

கேமரன் மலை வாசகி ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார்: "எங்கள் ஊர்க் குளிரில் ஸ்ப்ரே போத்தலில் உள்ள தேங்காய் எண்ணெய் காலையில் உறைந்து கிடக்கிறது. போத்தலின் அடியில் முக்கோணத்துக்குள் 5 என்று போட்டிருக்கிறது. 5 இருந்தால் மைக்ரோவேவில் வைக்கலாமாமே! அப்படியே வைக்கட்டுமா?"

அப்படியே வைக்காதீர்கள், அம்மா. பிறையில் பிளாஸ்டிக் அச்சு வடிவமைக்கும் வேலையில் பல ஆண்டுகள் இருந்தவன் நான். இந்தப் போத்தலைப் பிரித்துப் பிரித்துப் பார்த்திருக்கிறேன். அதனால் காரணத்தோடு சொல்கிறேன்.

தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 டிகிரி செல்சியஸுக்குக் கீழே உறையத் தொடங்கும். கேமரன் மலையில் மட்டுமல்ல, இரவெல்லாம் குளிர்சாதனம் ஓடும் கோலாலம்பூர் வீடுகளிலும் இது நடக்கும். முழுக்க உறையாவிட்டாலும் குளிர்ந்த எண்ணெய் கெட்டியாக இருக்கும். விசையை அழுத்தினால் தூறலாக வராமல் ஒரே கோடாகப் பீய்ச்சி அடிக்கும். இளஞ்சூடாக்கினால் இளகி நன்றாகத் தெளிக்கும். ஆகவே சூடாக்க வேண்டும் என்ற எண்ணம் சரிதான். வழிதான் சரியில்லை.

முதலில் அந்த 5. அது பாலிபுரோப்பிலின் என்ற பிளாஸ்டிக்கின் எண். ஏறத்தாழ 160 டிகிரியில்தான் உருகும் என்பதால், மைக்ரோவேவ் டப்பாக்களுக்குப் பெரும்பாலும் இதைத்தான் பயன்படுத்துகிறார்கள். 1 என்றிருந்தால் அது பெட். குடிநீர்ப் போத்தல் செய்யும் பிளாஸ்டிக். 70, 80 டிகிரியிலேயே நெளிந்துவிடும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்த எண், போத்தல் எதனால் ஆனது என்பதை மட்டுமே சொல்கிறது. சூடாக்கலாம் என்று சொல்வது அதுவல்ல. அதற்கு அலை அலையாகக் கோடு போட்ட மைக்ரோவேவ் குறி தனியாக இருக்க வேண்டும்.

அந்தக் குறியே இருந்தாலும் அது போத்தலின் உடம்புக்குத்தான். ஆபத்து தலையில் இருக்கிறது. விசையுள்ள அந்தத் தலையைப் பிரித்தால் உள்ளே ஒரு ஸ்பிரிங், பல வகைகளில் ஒரு சிறு குண்டு, கீழே இறங்கும் குழாய், கசிவைத் தடுக்கும் வளையம் எல்லாம் இருக்கும். ஸ்பிரிங் பெரும்பாலும் எஃகு. மைக்ரோவேவுக்குள் உலோகம் போனால் தீப்பொறி பறக்கக்கூடும். குழாய் பெரும்பாலும் பாலிஎத்திலின். உடம்பு தாங்கும் சூட்டை அது தாங்காது.

பிளாஸ்டிக்கிலேயே ஸ்பிரிங் செய்தால் என்ன என்று கேட்கலாம். செய்கிறார்கள். பிளாஸ்டிக்கை நெடுநாள் அழுத்தத்தில் வைத்தால் துள்ளல் குறைந்துவிடும். அதனால்தான் எஃகு இத்தனை காலம் நீடித்தது. இப்போது முழுக்கப் பிளாஸ்டிக்கால் ஆன தலைகள் வருகின்றன. ஆனால் அவை மறுசுழற்சிக்கு எளிதாக இருக்கட்டும் என்று செய்யப்பட்டவை. 'உலோகம் இல்லை' என்ற விளம்பரத்தை 'சூடாக்கலாம்' என்று படித்துவிடாதீர்கள்.

உலோகமே இல்லாத தலையிலும் இன்னொரு சிக்கல் உண்டு. கவிழ்ந்தாலும் எண்ணெய் ஒழுகக்கூடாது என்பதற்காக, விசையை அழுத்தாதபோது உள்ளே வழிகள் மூடியிருக்கும்படி செய்வார்கள். அந்த நிலையில் போத்தல் மூடிய பாத்திரம். சூட்டில் உள்ளே இருக்கும் காற்று விரியும். கழுவியபோது தங்கிய நீர்த்துளிகள் ஆவியானால் ஆயிரம் மடங்குக்கு மேல் இடம் கேட்கும். வெளியேற வழியில்லாவிட்டால் மூடி தெறிக்கும், அல்லது கதவைத் திறந்து கையில் எடுக்கும்போது சூடான எண்ணெய் முகத்தில் பீய்ச்சும்.

எண்ணெயின் குணமும் வேறு. அது மைக்ரோவேவில் தண்ணீரைவிட மெதுவாகத்தான் சூடேறும். ஆனால் தண்ணீர் 100 டிகிரியில் கொதித்து அங்கேயே நிற்பதுபோல் எண்ணெய் நிற்காது, ஏறிக்கொண்டே போகும். ஓரிடம் இளஞ்சூடாக இருக்கும்போது இன்னோரிடம் போத்தலை நெளிய வைக்கும் அளவுக்குக் கொதித்திருக்கும்.

அப்படியானால் மைக்ரோவேவுக்கு ஏற்ற ஸ்ப்ரே போத்தல் எப்படி இருக்க வேண்டும்? என்னிடம் வடிவமைக்கச் சொன்னால், உடம்பைப் பாலிபுரோப்பிலினில் செய்வேன். சுவரின் தடிப்பு எங்கும் ஒரே அளவாக இருக்கும். மூலைகளில் சூடு அதிகம் சேரும் என்பதால் அடிப்பாகத்தை வளைவாக வைப்பேன். கரண்டி நுழையும் அளவுக்கு அகன்ற வாய், மூன்றில் இரண்டு பங்கில் நிரப்பும் கோடு, சூடாக்கும்போது மேலே வைக்க ஓட்டையுள்ள தனி மூடி. முக்கியமாக, பல வீட்டு மைக்ரோவேவ்களின் உட்புற உயரம் ஏறத்தாழ 20 சென்டிமீட்டர்தான். தலையோடு சேர்த்தால் அதைத் தாண்டும்படி போத்தலை உயரமாக வைப்பேன். அப்போது தலையைக் கழற்றாமல் உள்ளே நுழைக்கவே முடியாது. எச்சரிக்கை வாசகத்தைப் படிக்காதவர்களையும் உயரம் தடுத்துவிடும்.

இரவுச் சந்தையில் ஐந்தாறு வெள்ளிக்கு வாங்கும் போத்தலில் இவ்வளவும் இருக்காது. ஆகவே தலையைக் கழற்றி எடுத்து வையுங்கள். உடம்பில் மைக்ரோவேவ் குறி இருந்தால் மட்டும், வாய் திறந்தபடி பத்துப் பத்து விநாடியாகச் சூடாக்கிக் கலக்குங்கள். பாதி இளகியதும் நிறுத்திவிடலாம், மீதி தானே இளகும். குறி இல்லையென்றால் மைக்ரோவேவே வேண்டாம். கை பொறுக்கும் வெந்நீர் உள்ள கிண்ணத்தில் போத்தலைச் சில நிமிடம் நிற்க வைத்தால் போதும். தலைக்குத் தேய்க்கும் எண்ணெயானாலும் சமையல் எண்ணெயானாலும் இதுவே நல்ல வழி.

இளகிய எண்ணெயை எரியும் அடுப்பின் அருகே தெளிக்காதீர்கள். மெல்லிய எண்ணெய்த் தூறல் சட்டென்று தீப்பிடிக்கும். அடுப்பை அணைத்துவிட்டு, அல்லது சட்டியைத் தள்ளி வைத்துத் தெளியுங்கள். அழுத்தம் ஏற்றிய உலோக ஸ்ப்ரே டப்பாக்களையோ எந்த வகையிலும் சூடாக்கக்கூடாது. வெந்நீரிலும் வைக்கக்கூடாது. வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டுவைப்பதும் ஆபத்துதான்.